பெயர் தெரியாத யந்திரம்

“அன்னோன் ஹோஸ்ட்!”

பழைய ஸன் வொர்க்ஸ்டேஷன் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, வலைக் கம்பியை மாட்டி உட்காருகிறவருக்குப் பல சமயம் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். ‘அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது’ என்று யந்திரம் கையை விரித்துவிடுகிறது. அடுத்த மேஜையிலுள்ள புதுக் கம்ப்யூட்டரோ அதே பெயரைச் சொன்னதும் போய்ச் சேருகிறது. ‘கிழடாகிவிட்டது, காயலான் கடைக்குப் போகட்டும்’ என்று தீர்ப்பும் பிறந்துவிடுகிறது.

அவசரம் வேண்டாம்! ஆய்வுக்கூடங்களில் விலையுயர்ந்த கருவிகளை ஓட்டுவதற்கென்றே இத்தகைய யந்திரங்கள் வாங்கப்பட்டதுண்டு. யந்திரத்தை எறிந்தால் கருவியும் முடங்கும். கோளாறோ, ஒரே ஒரு வார்த்தையில் இருக்கலாம்.

ஒரே ஜாபிதா

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அறிவது எண்ணால்; பெயர் மனிதருடைய சௌகரியத்துக்காக. அமெரிக்காவின் ஆதி வலையான அர்ப்பாநெட்டில் பெயர்களும் எண்களும் ஒரே ஜாபிதாவில் இருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கிலிருந்த எஸ்.ஆர்.ஐ. நிலையத்தில், எலிஸபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். வலை பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வகுத்தார். அந்தந்தப் பகுதியின் பெயர்களுக்கு அந்தந்தப் பகுதியின் ஸர்வரே பதில் சொல்லும் ஏற்பாடு அது.

மூன்று வாசல்கள்

புதியது வந்தும் பழையது ஒழியவில்லை. ஸன் யந்திரம் பெயரை விசாரிக்க மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, தன்னிடமே உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு. இரண்டாவது, ‘மஞ்சள் பக்கங்கள்’ என்று ஸன் கம்பெனி பெயரிட்ட பொது ஜாபிதா. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வியாபாரச் சின்னமாக இருந்ததால், பின்னர் ‘என்.ஐ.எஸ்.’ ஆயிற்று. தெருவின் பெயரை மாற்றினாலும் ஜனங்கள் பழைய பெயரையே சொல்வதுபோல, அதன் கட்டளைகள் ‘ஒய்.பி.’ என்றே இன்றும் தொடங்குகின்றன! மூன்றாவது வாசல் டி.என்.எஸ்.

எந்த வாசலை முதலில் தட்டுவது? 1992-ல் வந்த சோலாரிஸ் 2 முதல் இதற்கென்றே ‘என்.எஸ்.ஸ்விட்ச்.கான்ஃப்’ என்ற கோப்பு உண்டு. இங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

மூன்று பரீட்சைகள்

முதலில், எட்ட வேண்டிய யந்திரத்தின் எண்ணைக் கொடுத்து ‘பிங்’ செய்ய வேண்டும். பதில் வந்தால் கம்பியும் வழியும் சரி.

அடுத்து, ‘என்.எஸ்.லுக்கப்’ கட்டளையால் பெயரைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ‘ரிஸால்வ்.கான்ஃப்’ கோப்பைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘ரிஸால்வ்’ என்பதன் கடைசி ‘ஈ’ எழுத்தை விட்டே இந்தப் பெயரை எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் யந்திரம் அந்தக் கோப்பைத் திரும்பியும் பாராது. அதில் குறித்திருக்கும் ஸர்வர் என்றோ மறைந்துபோனதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, அதே பெயரைச் சொல்லி ‘பிங்’. லுக்கப்புக்குக் கிடைத்த பதில் பிங்குக்குக் கிடைக்கவில்லையா? பலரும் மலைத்துப்போவது இங்கேதான். லுக்கப் நேரே டி.என்.எஸ். ஸர்வரிடம் போய்விடும், ஸ்விட்ச் கோப்பை மதிப்பதில்லை. பிங்கோ அந்தக் கோப்பின்படி நடப்பது. அதிலுள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில் ‘ஃபைல்ஸ்’ என்று மட்டும் இருந்தால், வீட்டு ஜாபிதாவோடு விசாரணை முடிந்துவிடும். பெயர்ச் சேவை எதுவும் வேண்டாமென்று சோலாரிஸை நிறுவியிருந்தால் இந்த நிலைதான்.

‘ஃபைல்ஸ்’ என்பதை அடுத்து ‘டி.என்.எஸ்.’ என்று சேர்த்தால் தீர்ந்தது! ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பழைய வரியையே நினைவில் வைத்திருக்கும். அவற்றை நிறுத்தித் தொடங்க வேண்டும். பெயர் கிடைத்தும் தவறான இடத்துக்குப் போனால், ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் யாரோ என்றோ எழுதிவைத்த பழைய எண்ணைத் தேட வேண்டும். முதல் வாசலில் கிடைக்கும் பதிலே யந்திரத்துக்கு வேதவாக்கு.

ஸன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. அதன் யந்திரங்கள் பல இன்னும் உயிரோடிருக்கின்றன. அவற்றின்மேல் முதுமைப் பட்டம் கட்டுமுன் ஒரு கேள்வி கேட்பது நியாயம்: யந்திரத்துக்குப் பதில் தெரியவில்லையா, அல்லது யாரிடம் கேட்பதென்று நாம் சொல்லவில்லையா?