காட்டுக் கேமராவின் காது

கோவையை அடுத்த மதுக்கரைப் பகுதியில் 2021 நவம்பரில் ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் செத்துப்போயின. 2024 பிப்ரவரியில் அங்கே தண்டவாளத்தை ஒட்டி ரூ.7.24 கோடியில் 12 கண்காணிப்புக் கோபுரங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. உருப்படியான வேலை. அதைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கோபுரம் எதற்கு? மரத்துக்கு ஒரு சின்னக் கேமரா கட்டி, கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசவிட்டால் போதாதா?”

கட்டலாம். பேட்டரிதான் சிக்கல்.

படம் எடுப்பதில் பெரிய செலவில்லை. உடல்சூட்டை உணரும் உணரி ஒன்று, விலங்கு அசைந்தால் மட்டும் கேமராவை எழுப்பும். தின்பது ரேடியோ. அதிலும், பேசும்போது மட்டுமல்ல, காது கொடுத்துக் காத்திருக்கும்போதும்! இத்தகைய வலைப்பின்னல்களில் வெகுகாலம் புழங்கிய சிசி2420 சில்லு, முழு வீச்சில் அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர் இழுக்கும், கேட்க 18.8. அனுப்பும் அலையின் திறனே ஒரு மில்லிவாட்தான். கேட்கும் பக்கமோ, வராத சிணுங்கலுக்காகப் பெருக்கிச் சுற்றுகளை ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2,500 மில்லி ஆம்பியர்-மணி பென்சில் பேட்டரிகள் ஐந்தரை நாளில் காலி.

  

தீர்வுதான் அழகு. நல்ல தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத தெருவில் அம்மா இரவெல்லாம் குழாயடியில் உட்கார்ந்திருப்பதில்லை. படுத்து, இடையிடையே எழுந்து குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீருக்கு முன்னால் காற்று ‘புஸ்’ஸென்று சீறும். சீறினால் குடத்தை எடுப்பார், இல்லையென்றால் படுத்துவிடுவார். ரேடியோவும் நொடிக்கு ஒருமுறை விழித்து, சில மில்லிநொடி காதைத் தீட்டிவிட்டுத் தூங்கும். அனுப்புகிற ரேடியோ, செய்திக்கு முன்னால் ஒரு வெற்று இரைச்சலை அனுப்பும். அது இரண்டு விழிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைவிட நீளமாக இருந்தால் போதும், எதிர்முனை எப்படியும் அதில் விழித்துக்கொள்ளும். நூறில் ஒரு பங்கு நேரமே விழிப்பு என்றால், மற்ற செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஐந்தரை நாள் ஒன்றரை ஆண்டாகிறது.

ஆனால் படம் குடம் அல்ல, அண்டா. 640×480 கறுப்பு வெள்ளைப் படம் சுருக்காமல் 3 லட்சம் பைட்; ரேடியோ ஒருமுறை அனுப்பும் சட்டகத்தில் 127 பைட்தான் கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சீறினால் கதை முடிந்தது. ஒருமுறை சீறி, அண்டா, குடம், சொம்பு, டம்ளர் வரை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். கேமராவே படத்தைப் பார்த்து ‘யானை’ என்று நாலு பைட்டில் சொல்லிவிட்டால் அண்டாவே வேண்டாம். செயற்கை நுண்ணறிவு என்று கூவுகிறவர்களிடம் நான் மதிக்கும் வேலை இதுதான்.

‘பேட்டரி ஐந்தாண்டு’ என்கிற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். நாளுக்கு எத்தனை படம், யாருடைய படம் என்று கேளுங்கள். காட்டுக்குள்ளிருந்து மரம் மரமாகத் தாவி வரும் படங்கள் எல்லாம் படங்களைப் பெறும் நிலையத்துக்கு அருகே இருக்கும் கேமரா வழியாகத்தான் வந்தாக வேண்டும். அது தன் படத்தோடு ஊரார் படத்தையும் சுமந்து முதலில் அணைகிறது. உள்காட்டுக் கேமராக்களில் பாதிப் பேட்டரி மிச்சமிருக்கும்; யானை வருவதையும் அவை பார்க்கும்; சொல்லத்தான் வழியிருக்காது.