பின்னோக்கி வரும் இழுவை வண்டி

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர் மாட வீதிகளைச் சுற்றி வருகின்றது. மூலைதோறும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுத்து அதனைத் திருப்புகின்றனர். நிலைக்கு வந்து சேரும்வரை முன்னோக்கியே செல்வதால், பின்வாங்கும் தொல்லை அதற்கில்லை. அதே மயிலையில் மெட்ரோ ரயிலின் சுரங்கப் பணிக்குப் பாரம் ஏற்றிவரும் டிரெய்லர் லாரிக்கோ அப்பேறு வாய்ப்பதில்லை. பல வேளைகளில் குறுகிய வாயிலுள் அது வால்பக்கமாகவே நுழைய வேண்டும்.

இவ்வண்டி இரண்டு உடல்களை உடையது. இடையே ஒரு மூட்டு. முன்னே இழுக்கும்போது பின்வண்டி தானே நேராகிவிடும். பின்னே தள்ளும்போது சிறு கோணலும் வளர்ந்துகொண்டே போகும். ஒரு குச்சியை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள்; சாயத் தொடங்கியது மேலும் சாயும். நெடுங்குச்சியை நிறுத்துவது எளிது, குறுங்குச்சி உடனே விழும். அதுபோலவே குட்டை டிரெய்லர்தான் கற்பவரை மிகுதியும் அலைக்கழிக்கும்.

திசையும் தலைகீழ். பின்வண்டியின் வால் இடப்புறம் செல்ல வேண்டுமாயின், ஸ்டியரிங்கை வலப்புறம் சுழற்ற வேண்டும். இதற்கோர் எளிய உபாயம் உண்டு. சக்கரத்தின் அடிப்பகுதியைப் பற்றினால், கை செல்லும் பக்கமே வாலும் செல்லும். வண்டி வளையத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மறுபுறம் மீட்டு, முன்வண்டியைப் பின்வண்டியின் வழியே விடவேண்டும். இங்கேதான் பலர் தாமதிக்கின்றனர். கோணம் மிஞ்சிவிட்டால் பின்னோக்கி எவ்வளவு திருப்பினும் பயனில்லை. நிறுத்தி, முன்னே சென்று, நேராக்கிக்கொள்ள வேண்டியதே. அதில் வெட்கமும் வேண்டியதில்லை.

போக்குவரத்து வாகன உரிமம் பெற 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நடைபெறும் தேர்வில், பின்னோக்கிச் செலுத்தி, குறுகிய இடைவெளியுள் நுழைந்து காட்டுவதும் ஒன்று.

நம் நாட்டு ஓட்டுநர் வலப்புறம் அமர்பவர். வலப்புறமாகப் பின்வாங்கினால் வாலைத் தம் கண்ணாலேயே காண்பார். இடப்புறமாயின் அது மறைந்துவிடும்; கிளீனர் உரக்கக் கூறும் ‘வரலாம், வரலாம், ஒடி’ என்னும் குரலே துணை. ஆகவே புறப்படுமுன் இறங்கிச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். கண்ணாடியில் கிளீனர் மறைந்த அக்கணமே வண்டி நிற்கவும் வேண்டும். அவர் தொலைவில் எங்கும் போயிருக்கமாட்டார். வண்டிக்கும் சுவருக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருக்கக்கூடும்.