உதவ வந்தவரிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்கலாமா?

புறவழிச் சாலை ஊருக்கு வெளியே போகிறது. நம் காலனிகளும் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. இரவில் லாரி கவிழ்ந்தால், பைக் சறுக்கினால், பல இடங்களில் சத்தம் முதலில் கேட்பது நம் வீடுகளுக்குத்தான். முதலில் ஓடுவதும் நம் பிள்ளைகள்தான்.

அப்படி ஓடுகிறவருக்கு இரண்டு பயம். போலீஸ், கோர்ட், அலைச்சல் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இன்னொன்று நமக்கென்றே உள்ளது. ஆஸ்பத்திரி வாசலில் "எந்த ஊருப்பா, எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருப் பெயரைச் சொன்னதும் பார்வை மாறும். "நீதான் இடிச்சியா?", "பர்ஸ் எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்குப் பயந்து வண்டியை நிறுத்தாமல் போகும் இளைஞரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கேள்வி பழையதுதான். 1901இல் சிறுவன் அம்பேத்கர், கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காண, உடன்பிறந்தவருடனும் உறவுப் பிள்ளைகளுடனும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். அழைத்துப்போக யாரும் வரவில்லை. பரிவாக விசாரித்த நிலைய அதிகாரி, மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறினார். மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்குத்தான் ஒருவர் இணங்கினார். அம்பேத்கரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு இன்று சட்டத்தில் பதில் இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. பலன் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, காயமோ மரணமோ நேர்ந்ததற்காக வழக்குப் போட முடியாது.

2020இல் வந்த விதிகளைத்தான் நம் தெருவில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். உதவியவரை மதம், சாதி, பாலினம் பார்க்காமல் மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறது விதி. 'சாதி' என்ற சொல்லே அதில் இருக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி போலீஸ்காரரோ வேறு எவரோ கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பினால் சொல்லலாம். சாட்சியாக வருவதும் அவர் விருப்பம். இந்த உரிமைகளை அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாமே வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். இதையும் மீறி, பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பணம் யார் கட்டுவது என்ற தயக்கமும் வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறித்த வரம்புக்குள், அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்றாலும் சரி.

ஓடிப்போனதும் முதலில் 108ஐ அழையுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்து, முதுகில் அடி என்று தோன்றினால், தீ போன்ற ஆபத்து இல்லாதவரை ஆளைத் தூக்காதீர்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாசலைப் பாருங்கள். அந்த உரிமைப் பலகை இல்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுப்போம். தெருப் பெயரைத் தயங்காமல் எழுதியே கொடுப்போம்.