சாப்பிட்டால் சாது, ஊசியில் போனால் சண்டை!

பருப்பு, முட்டை, மீன்... எல்லாமே உங்கள் உடம்புக்கு அந்நியச் சரக்கு! அதே மீன் புரதத்தை ஊசியில் ஏற்றினால் உடம்பு போருக்குக் கிளம்பிவிடும். சாப்பிட்டால்? ஏப்பம்தான்!

இந்தச் சரக்கை வடிகட்டி உள்ளே விடும் குடலின் மேல்தோல் எத்தனை செல் கனம் தெரியுமா? ஒன்றே ஒன்று!

அதுவும் பழசு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பார்த்த செல்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. 3 முதல் 5 நாளில் புதுச் சுவர்!

உணவுப் பாதையின் உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று படித்தீர்களா? அழித்துவிடுங்கள்! 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் போட்ட புதுக் கணக்கு சுமார் 32 சதுர மீட்டர். பாட்மின்டன் கோர்ட்டில் பாதிகூட இல்லை!

தின்று பழகிய சரக்கோடு உடம்பு சண்டை போடாது என்பதை 1911-லேயே பிடித்துவிட்டார்கள்! மக்காச்சோளம் தின்று வளர்ந்த கினிப்பன்றிகளுக்கு அதே சோளப் புரதத்தை ஊசியில் ஏற்றினார் அமெரிக்கரான வெல்ஸ். அலர்ஜி அதிர்ச்சி வரவில்லை!

‘சும்மா இரு’ என்று மற்ற நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் டி செல்கள் நமக்குள் உண்டு. அவை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக மூவருக்கு 2025-இல் நோபல் பரிசு!

இனி என் செல்லக் கண்டுபிடிப்பு: வேர்க்கடலை! பிரிட்டனில் குழந்தைகளுக்குக் கடலையே காட்டாமல் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். இஸ்ரேலிலோ பல் முளைக்கும் வயதிலேயே ‘பம்பா’ என்ற கடலை நொறுக்கு! இஸ்ரேல் குழந்தைகளைவிட பிரிட்டனின் யூதக் குழந்தைகளுக்குக் கடலை அலர்ஜி எத்தனை மடங்கு அதிகம்? 10 மடங்கு!

விட்டார்களா லண்டன் டாக்டர்கள்? அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குக் கடலை, மீதிப் பேருக்குத் தடா. 5 வயதில் பார்த்தால், தடா போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு அலர்ஜி. தின்றவர்களில்? வெறும் 3! (முழுக்கடலையைக் கைக்குழந்தை வாயில் போட்டுவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். எக்ஸிமா இருந்தால் முதலில் டாக்டர்!)

எல்லாச் சரக்கும் முழுசாகச் செரித்துவிடும் என்று நினைக்காதீர்கள்! கோதுமைப் புரதத்தில் ஒரு துண்டு, 33 அமினோ அமிலம் கோத்த சங்கிலி. வயிற்று அமிலமும் வெட்டாது, கணையநீரும் வெட்டாது. நம் எல்லோருடைய குடலிலும்தான்!

குடலுக்குள் தினமும் சுரக்கும் எதிர்ப்பொருள் ‘ஐஜிஏ’ எவ்வளவு? சுமார் 3 கிராம்!

கன்றுக்குட்டியோ கையில் எதிர்ப்பொருளே இல்லாமல்தான் பூமிக்கு வருகிறது. சீம்பாலில் இருப்பதை அதன் குடல் வெட்டாமல், உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். சீக்கிரம் ஊட்டுங்கள்... அந்தக் கதவு 24 மணி நேரத்தில் சாத்திக்கொள்ளும்!