வானில் வரும் மீகாத்

உம்ராவுக்குப் புறப்படும் சகோதரரே, சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரே செல்லும் விமானம் ஆறு மணி நேர அளவில் கொண்டு சேர்த்து விடுகிறது. காலை 10 மணிக்கு ஏறியவர் அந்நாட்டு நேரப்படி பகல் 1.30க்கு இறங்குவதாகச் சீட்டில் கண்டு, மூன்றரை மணிப் பயணந்தான் என எண்ணி விடலாகாது. சவூதியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்தங்கியது.

இந்த நேரக் கணக்கில் உமது இஹ்ராமும் அடங்கியிருக்கிறது.

மக்காவை நாடி வருவோர் இஹ்ராமின்றிக் கடக்கலாகாத எல்லைகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்தார்கள். மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைபா, ஷாம் நாட்டாருக்கு ஜுஹ்பா, நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸில், யமன் நாட்டாருக்கு யலம்லம். அவ்வழியே வரும் பிறருக்கும் அவையே மீகாத்துகள் என்றும் அருளினார்கள்.

நம் முன்னோர் பம்பாயில் கப்பலேறினர். (அக்கப்பல் பயணம் 1995இல் நிறுத்தப்பட்டது.) செங்கடலில் தெற்கிலிருந்து வந்த அவர்களுக்கு யலம்லம் எல்லையாயிற்று. கப்பல் மெல்ல ஊர்ந்தது. குளித்து, உடைமாற்றி, நிய்யத் செய்து, தல்பியா முழங்கப் போதிய அவகாசம் இருந்தது. விமானமோ கிழக்கிலிருந்து அரபுப் பாலையைக் கடந்து, பெரும்பாலும் தாயிபை அடுத்த கர்னுல் மனாஸில் பக்கமாக வருகிறது. ஊர் மாறவில்லை, வழி மாறியது. அதனால் மீகாத்தும் மாறியது. மேலும், ஜித்தா மக்காவுக்கு மேற்கே கடற்கரையில் இருக்கிறது. ஆகவே அங்கே இறங்கும்போது எல்லையைத் தாண்டியே இறங்குகிறீர். 'ஜித்தா சென்று உடுத்திக் கொள்வோம்' என்பாரை நம் ஆலிம்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

விமானம் நிமிடத்திற்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் போதும், எல்லை பின்னே போய்விடும். கடந்தவர் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இன்றேல் பலி கொடுத்துப் பரிகாரம் காண வேண்டும். வானில் எல்லைக்கல் நட்டிருக்கவில்லை. சில விமானங்களில் அறிவிப்புச் செய்கிறார்கள். வேறு நாட்டில் இறங்கி மாறிச் செல்லும் விமானங்களில் அதை நம்பியிருப்பதற்கில்லை. மீகாத்துக்கு முன்னரே நிய்யத் செய்வது செல்லும். எனவே இறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிய்யத்தை முடித்துக் கொள்வது பேணுதலாகும்.

குளிப்பை வீட்டிலேயே முடித்து, தையலற்ற இரு துணிகளையும் அங்கேயே அணிந்து வரலாம். நிய்யத் செய்யும் வரை இஹ்ராமின் தடைகள் எதுவும் இல்லை. அத்துணிகளைப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டு, ஆகாயத்தில் கைபிசைந்து நிற்போரும் உளர்! கைப்பையில் வையுங்கள். பெண்டிருக்குத் தனி உடை கிடையாது. வழக்கமான அடக்கமான ஆடையே போதும், நிய்யத்தும் தல்பியாவுமே வேண்டும்.

முதலில் மதீனா செல்வோருக்கு இக்கவலை இல்லை. அவர்கள் அங்கிருந்து மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைபாவில் இஹ்ராம் கட்டிக் கொள்ளலாம்.