அழைத்துவரப் போன பிள்ளைகள்

பிள்ளைக்கு ஆறு வயதுதான் ஆகிறது, இப்போதே சமூக சேவை, உலகக் குடிமகன் என்றெல்லாம் சொன்னால் அதற்கு என்ன புரியும் என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் உத்தரப் பிரதேசத்து போலியோ ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்குகிறது.

2009-ஆம் ஆண்டு உலகம் முழுவதும் பதிவான போலியோ பாதிப்புகள் 1,604. அதில் 741 இந்தியாவில். அவற்றிலும் மிகப் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். நெருக்கமான குடியிருப்பு, திறந்த சாக்கடை, ஓயாத வயிற்றுப்போக்கு. இவை இருக்கும் இடத்தில் சொட்டு மருந்து உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டி இருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களிடம் அறிகுறியே தெரியாமல் கிருமி பரவிக்கொண்டிருக்கும். ஆகவே, நோய் இல்லாத தெருவாயிற்றே என்று எந்தத் தெருவையும் விட்டுவிட முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மருந்து கொடுக்கும் முகாமைத் திறந்து வைத்தாயிற்று. குழந்தைகளை யார் கூட்டி வருவது? அங்கேதான் ‘புலாவா டோலி’ வந்தது. அழைத்துவரும் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, கோஷம் போட்டபடி சந்து சந்தாகப் போவார்கள். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, சின்னக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முகாமுக்கு நடப்பார்கள். சொட்டு மருந்து விட்டு, இடதுகைச் சுண்டுவிரலில் மை வைத்ததும் திரும்பக் கொண்டுபோய்த் தாயிடம் விடுவார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டில் போன வாரம் குழந்தை பிறந்தது, யார் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெருவில் விளையாடும் பிள்ளைக்கு அத்துப்படி. வெளியூர் ஊழியருக்கு அது தெரியாது. முன்பின் தெரியாத ஆண் ஊழியர் தயங்கி நிற்கும் வாசலைத் தாண்டி ஒரு சிறுமி உள்ளே ஓடிவிடுவாள். சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்க்கப் படிப்பும் தேவையில்லை. பெரியவர்களின் வேலையைச் சின்ன அளவில் நடித்துப் பார்ப்பதற்காக இந்தப் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. அவர்களால் நன்றாகச் செய்யக்கூடிய வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். மருந்தைப் பற்றிய வதந்திகளை நம்பிக் கதவைச் சாத்திய வீடுகளோடு பேசும் பாரத்தை அவர்கள் தலையில் வைக்கவும் இல்லை. அதற்கு இமாம்களும் உள்ளூர்ப் பெண் ஊழியர்களும் இருந்தார்கள். அந்த எல்லைக்கோட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் ஏற்பட்ட கடைசி பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. நாடு தழுவிய ஒவ்வொரு சுற்றிலும் 20 லட்சத்துக்கும் அதிகமான பணியாளர்கள் உழைத்தார்கள். பிள்ளைகளின் பங்கு அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனாலும் உண்மையான பங்கு.

உலகம் இதில் எங்கே வருகிறது என்கிறீர்களா? 2010-இல் தஜிகிஸ்தானில் போலியோ திடீரென்று பரவி 450-க்கும் மேற்பட்டவர்களை முடக்கியது. அந்தக் கிருமியின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது உத்தரப் பிரதேசத்துக் கிருமியின் வழிவந்தது என்று தெரிந்தது. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் நகரின் சந்து ஒன்றில் ஒரு சிறுமி தூக்கிக்கொண்டு நடந்த குழந்தைக்கும் மத்திய ஆசியாவில் ஒரு குழந்தையின் கால்களுக்கும் தொடர்பு இருந்தது. அன்றைக்கு அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலில் தெருவேலை, பிறகு வரைபடம் என்பதுதான் சின்ன வயதுக்கு ஏற்ற வரிசை. நாம் பெரும்பாலும் தலைகீழாக, கண்டங்களின் பெயரிலிருந்து தொடங்குகிறோம்.

எனவே ஒரு வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை செய்யாவிட்டால் யாருக்காவது ஏதாவது குறையுமா? பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் ஊர்வலத்தில் எதுவும் குறையாது. பிறந்தநாளன்று காப்பகத்துக்குப் போய் இனிப்பு கொடுப்பதில் எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. வரிசையில் நின்று கைநீட்டும் பிள்ளைக்கும் அதே வயதுதான். கொடுப்பவன் உயரத்தில் நிற்கிறான் என்ற பாடம் இரண்டு பிள்ளைகளின் மனத்திலும் பதிந்துவிடுகிறது.

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுகுடிப்பட்டி. அங்குள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு நாரையும் கொக்கும் கூடு கட்ட வருகின்றன. வெளிநாட்டுப் பறவைகளும் வருகின்றன. அவை மிரளக் கூடாதென்று ஊரே பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை இனிப்பு வழங்கி மரியாதை செய்கிறது. ஒரே ஒரு சிறுவன் ஒரு சரவெடியைக் கொளுத்தினால் போதும், ஊர் காத்த அமைதி போய்விடும். அங்கே ஏழு வயதுக்காரனின் பங்கும் எழுபது வயதுக்காரரின் பங்கும் சமம்.

உங்கள் வீட்டில் எங்கே தொடங்கலாம்? குப்பையில் தொடங்குங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு போன்றவற்றைத் தடித்த தாளில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, தனியாக வைக்கும் வேலையில் பிள்ளைக்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். சுற்றுவது உங்கள் வேலை. எழுதுவதும், காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொல்லிக் கொடுப்பதும் பிள்ளையின் வேலை. அந்த அக்காவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். தவறினால் கிழிவது அவர் கை என்பது ஆறு வயதுக்கு நன்றாகவே புரியும். ஒரு நாள் விழாவாக வேண்டாம். வருஷம் முழுக்க நடக்கட்டும்.

சில மாதம் போனதும், “அக்காவுக்கு ஏன் கையுறை இல்லை?” என்று பிள்ளை கேட்கும். சேவை குடிமைப் பொறுப்பாக மாறும் இடம் இதுதான். தயவுசெய்து அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. தன் தெருவும் பிள்ளையைப் பாதிக்கும் விஷயம்தான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கையுறை கேட்டு வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுதுமுன் அந்த அக்காவிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். எழுத்துப் பிழையோடு பிள்ளையின் கையெழுத்திலேயே போகட்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் எழுதலாம்.