வாசல் வாலில்! விசிறி ஜன்னல் ஓரத்தில்! குட்டி விமானத்தில் சேலம் பறந்த வெள்ளிக்கடை குமாஸ்தா

சென்னை சவுகார்பேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா அவர். வயது 52. சொந்த ஊர் சேலம். இத்தனை வருடத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாரே தவிர, ஏறியது இல்லை.

அன்று காலை 6 மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா குளியல் அறையில் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. சாயந்தரம் 4 மணிக்கு ஆபரேஷன். பெரியவன் முகத்தைப் பார்க்காம உள்ளே போக மாட்டேன்னு அழுவுறாங்க."

அவர் கிளம்புவதற்குள் காலை ரெயில் போய்விட்டது. பஸ்சில் போனால் 6, 7 மணி நேரம். நடுவில் நெரிசல் என்றால் அதற்கும் மேல். கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனைத் தட்டினாள். பகல் விமானத்தில் இடம் இருந்தது. கடைசி நேர டிக்கெட். விலையைக் கேட்டதும் குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது.

"பணத்தைப் பார்க்காதீங்கப்பா, கிளம்புங்க" என்றாள் மகள்.

மண்ணடியில் மெட்ரோ ரெயில் ஏறினார். விமான நிலையத்திலேயே இறங்கினார்.

பாக்குவெட்டியால் வந்த வினை

வாசலில் போலீஸ்காரர் டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் பார்த்தார். அசல் அட்டை வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் செல்லாது. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. பொதுவாக உள்நாட்டு விமானத்தில் கையில் 7 கிலோ, எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டி 15 கிலோ. குமாஸ்தாவிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்சின் பை. அதைக் கையோடு வைத்துக்கொண்டார்.

அங்கேதான் வந்தது வினை! சோதனை எந்திரத்தில் பை போனதும் மணி அடித்தது. பைக்குள் ஒரு பாக்குவெட்டி. வெற்றிலை போடும் அம்மா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூர்மையான எந்தச் சாமானும் கையில் கொண்டுபோகக் கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் போட்டிருந்தால் தொல்லை இல்லை. ஆனால் பெட்டி ஒப்படைக்கும் கவுண்ட்டரை விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்பே அடைத்துவிடுகிறார்கள். நேரம் தாண்டிவிட்டது.

"போனால் போகட்டும்" என்று பாக்குவெட்டியை அங்கே இருந்த தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார். மனசு மட்டும் கேட்கவில்லை.

"இது பறக்குமா?"

பஸ்சில் ஏற்றி விமானத்தின் அருகே கொண்டுபோய் இறக்கினார்கள். பார்த்ததும் குமாஸ்தாவுக்கு முகம் வெளுத்தது. சினிமாவில் பார்த்த பெரிய ஜெட் விமானம் அல்ல. தோளுக்கு மேல் இறக்கை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள். விசிறிக்கு ஆறு இலை.

இதன் பெயர் ஏ.டி.ஆர்.-72. பிரான்சும் இத்தாலியும் கூட்டு சேர்ந்து 1981-ல் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. முதல் 72 ரக விமானம் 1988 அக்டோபர் 27-ந்தேதி பறந்தது. சுமார் 70 முதல் 78 பேர் வரை உட்காரலாம்.

விசிறியைப் பார்த்து "பழைய காலத்து சரக்கு" என்று நினைத்தால் தப்பு. விசிறியைச் சுற்றுவதும் ஜெட் என்ஜின் மாதிரியான டர்பைன் என்ஜின்தான். குறைந்த தூரத்துக்கு எண்ணெய்ச் செலவு கம்மி. குட்டை ஓடுபாதையே போதும். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். சேலம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். அதனால்தான் சின்ன ஊர்களுக்கு இந்த விமானம் போகிறது.

வாலுக்கு முட்டுக்கட்டை

ஏறும் வாசல் முன்னால் இல்லை. வால் பக்கத்தில் இருக்கிறது! முன்பக்கக் கதவு சாமான் ஏற்றுவதற்கு. கதவைத் திறந்து கீழே இறக்கினால் அதுவே படிக்கட்டு. சில படி ஏறினால் உள்ளே போய்விடலாம்.

எல்லோரும் பின்னால் ஏறினால் வால் தாழ்ந்துவிடாதா? அதற்காகத்தான் நிற்கும்போது வாலுக்கு அடியில் ஒரு கம்பியை முட்டுக் கொடுத்து வைக்கிறார்கள். கிளம்பும் முன் எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கை. பயணிகள் ஏறும்போது இடது பக்க விசிறி சும்மா நிற்கும். வலது பக்க என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு இருக்கும். ஆனால் அந்த விசிறியும் சுற்றாது. பிரேக் போட்டு நிறுத்தி இருப்பார்கள். உள்ளே ஏ.சி.யும் விளக்கும் ஓடுவதற்காக இந்த ஏற்பாடு. "விசிறி ரிப்பேர்" என்று பதறத் தேவையில்லை. ஆனால் நின்றாலும் சுற்றினாலும் விசிறிப் பக்கம் போகக் கூடாது. ஊழியர் காட்டும் வழியிலேயே நடக்க வேண்டும். செல்பி எடுக்க ஒதுங்குவது கூடவே கூடாது.

உள்ளே நடுவில் ஒரு சந்து. இந்தப் பக்கம் இரண்டு சீட், அந்தப் பக்கம் இரண்டு சீட். நடுவில் மாட்டிக்கொள்ளும் சீட் கிடையாது. மேலே உள்ள சாமான் தட்டு சின்னது. பருத்த சக்கரப்பெட்டி நுழையாவிட்டால் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள்.

கூட்டம் குறைவாக இருந்தால் "சார், நீங்க கொஞ்சம் பின்னாடி போய் உட்காருங்க" என்று பணிப்பெண் சொல்லலாம். சண்டை போடக் கூடாது. தராசுத் தட்டு மாதிரி முன்னும் பின்னும் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்வது அது.

வயிற்றில் புளி

குமாஸ்தாவுக்கு இறக்கைக்குக் கீழே ஜன்னல் சீட். பக்கத்தில் சேலம் செவ்வாய்பேட்டை மஞ்சள் மண்டிக்காரர். மாதம் இரண்டு தடவை இதே விமானத்தில் போய் வருகிறவர்.

"முதல் தடவைங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நேபாளத்துல விழுந்ததும் இந்த மாதிரி விமானம்தானேங்க?"

விமானம் அதே ரகம்தான். 2023 ஜனவரி 15-ந்தேதி நேபாளத்தில் பொக்கரா அருகே ஏ.டி.ஆர்.-72 விழுந்து அதில் இருந்த 72 பேரும் பலியானார்கள். இறங்கும் நேரத்தில் விமானி அறையில் தவறான லீவர்களை நகர்த்தியதால் இரண்டு விசிறிகளும் உந்து சக்தியை இழந்தன என்பது விசாரணையில் தெரிந்தது.

ஓர் என்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துப் பறந்து இறங்கும்படிதான் இந்த விமானத்தைக் கட்டி இருக்கிறார்கள். அதைச் சோதித்துக் காட்டிய பிறகே பயணிகளை ஏற்ற அனுமதி.

விசிறிகள் சுற்றின. மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு அதிர்வு. விசிறிக்கு நேரே உள்ள சீட்டுகளில் சத்தம் அதிகம், பின்சீட்டுகளில் குறைவு.

விமானம் தரையை விட்டுக் கிளம்பியது. ஜன்னல் வழியாக விமானத்தின் சக்கரம் மடங்கி உள்ளே போவதைக் குமாஸ்தா கண்ணால் பார்த்தார். பெரிய விமானத்தில் கிடைக்காத காட்சி இது!

கிளம்பிச் சிறிது நேரத்தில் சத்தம் திடீரென்று குறைந்தது. குமாஸ்தா சீட்டை இறுகப் பிடித்தார். "என்ஜின் நிக்கலீங்க. மேலே ஏறியாச்சு, வேகத்தைக் குறைக்கிறாங்க. அவ்வளவுதான்" என்றார் மண்டிக்காரர்.

பெரிய ஜெட் விமானங்கள் 35 ஆயிரம் அடி உயரத்தில் மேகத்துக்கு மேலே போகும். ஏ.டி.ஆர். அதிகபட்சம் 25 ஆயிரம் அடிதான். சேலம் மாதிரி பக்கத்து ஊருக்கு அதற்கும் கீழேயே பறக்கும். அதாவது மேகத்தின் ஊடே! வெயில் நேரத்தில் தரைச்சூடு மேலே கிளம்பும்போது விமானம் ஆடும். மேடு பள்ளத்தில் டவுன் பஸ் போகிற மாதிரிதான். இறக்கை ஆடுவதும் சகஜம். பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும்.

காது அடைத்தால் எச்சில் விழுங்கலாம். ஒரு மிட்டாயைச் சப்பலாம். கைக்குழந்தை என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுப்பது நல்லது. கழிவறை ஒன்றே ஒன்று. ஒரு மணி நேரப் பயணம். ஏறும் முன்பே போய்வந்துவிடுவது உத்தமம்.

சேர்வராயன் மலை தெரிந்தது

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. உதான் திட்டத்தில் 2018 மார்ச் 25 முதல் சென்னைக்கு விமானம் ஓடியது. பிறகு 2021-ல் நின்றுபோனது. 2023 அக்டோபர் 29-ந்தேதி மறுபடியும் தொடங்கியது.

சேர்வராயன் மலை கண்ணில் பட்டது. மடங்கிய சக்கரம் மறுபடி வெளியே வந்தது. தரையைத் தொட்டதும் "கிர்ர்..." என்று பெரிய சத்தம். விசிறி இலைகளைத் திருப்பி, காற்றை முன்பக்கம் தள்ளிப் பிரேக் போடுகிற சத்தம் அது. குட்டை ஓடுபாதையில் விமானத்தை நிறுத்த அதுவும் ஒரு வழி.

குமாஸ்தா கைக்கெடிகாரத்தைப் பார்த்தார். சென்னையில் கதவை மூடி ஒரு மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை! ஆனால் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக கார் பிடிக்க வேண்டும். மண்டிக்காரர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். "காசு எல்லாம் வேணாங்க. அம்மாவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அம்மா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள்.

"எதுலடா வந்தே, இவ்வளவு சீக்கிரம்?"

"பிளேன்ல வந்தேம்மா."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"பாக்குவெட்டி கொண்டாந்தியா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் கழித்துக் குமாஸ்தா ரெயிலில் சென்னை திரும்பினார். வந்ததும் முதல் வேலையாகக் கடை வீதிக்குப் போய் இன்னொரு பாக்குவெட்டி வாங்கினார். அதைத் தம்பிக்குத் தபால் பார்சலில் அனுப்பிவிட்டார்.